சவரி மாஸ்டர் காதுக்கு எட்டிய பிளாஞ்சர்

போன மாதம் ஷாமினி என் போனுக்கு மூன்று சத்தத் துண்டுகளை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு செய்தி: “அங்கிள், பேஸுக்கு பிளாஞ்சர் ஒண்ணு எடுக்கப் போறேன். மூணு பெடல்லயும் ஒரே மாதிரி வாசிச்சு அனுப்பியிருக்கேன். எது நல்லாருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க.”

ஷாமினி பதுளையில் பள்ளிக்கூட டீச்சர். சனி ஞாயிறுகளில் ஒரு பாட்டுக் கோஷ்டியில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். அவளுக்கு முன்னால் அந்தக் கோஷ்டியில் அந்த இடத்தில் நின்றவன் நான். என்னை யாரும் மாலை போட்டு ஓய்வுக்கு அனுப்பவில்லை. ஸ்பீக்கர் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது, ஒரு நாள் பேஸை உறையில் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டேன். இப்போதும் கோஷ்டியில் ஏதாவது வாங்குவதென்றால் என்னைக் கேட்கிறார்கள். கேட்டபடி செய்கிறார்களா என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். வாரக்கணக்கில் போடாமல் இருந்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் பிளாஞ்சர் வாங்கப் போன கதையைச் சொல்லியாக வேண்டும்.

தெரியாதவர்களுக்காக: பிளாஞ்சர் என்பது உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி. தரையில் வைத்துக் காலால் மிதிப்பதால் பெடல் என்கிறோம். கிட்டாரிலிருந்து வரும் சத்தம் அதற்குள் போகும். பெட்டி அந்தச் சத்தத்தை இரண்டாக்கி, ஒன்றை மயிரிழை பிந்தவிட்டு, மறுபடி இரண்டையும் சேர்த்து வெளியே அனுப்பும். அந்தப் பிந்தல் கூடிக் குறைந்துகொண்டே இருப்பதால் சத்தத்துக்குள் ஒரு சுழல் உண்டாகும். அது மெல்ல மேலே ஏறி உச்சிக்குப் போய் மறுபடி கீழே இறங்கும். எங்கள் கோஷ்டியில் அதற்கு ‘சுத்து’ என்று பெயர்.

நான் பேஸ் வாசிக்க வந்தது தற்செயல்தான். பசறை ரோட்டில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ஒரு அண்ணன் வைத்திருந்த கிட்டாரில் மேல் கம்பிகள் இரண்டும் அறுந்து போயிருந்தன. அவர் புதுக் கம்பி போடவே இல்லை. மிச்சம் இருந்த நாலு கம்பியில்தான் நான் பழகினேன். பிறகு பதுளைக்குக் கடை வேலைக்கு வந்து, ஒரு கல்யாணத்தில் கோஷ்டியின் பேஸ்காரர் வராமல் போக, நாலு கம்பிதானே என்று மேடையேறினேன். அன்று வாசித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். சொன்னவர் சவரி மாஸ்டர்.

சவரி மாஸ்டர்தான் கோஷ்டியின் தலைவர், கீபோர்ட்காரர். ஒல்லி உடம்பு, எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா. அந்தப் பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. ஞாயிறு காலையில் மாதா கோயிலில் ஓர்கன் வாசிப்பார், மற்ற நாளெல்லாம் எங்களோடு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வாடகை அறையில் தனியாக இருந்தார். வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் முயற்சி எடுத்ததில்லை.

யாரையும் மற்றவர்களுக்கு முன்னால் பிழை என்று சொல்லமாட்டார். பாட்டுக்கு நடுவில் நான் பிசகினால், அந்தப் பாட்டு முடிந்ததும் என் பக்கம் வந்து தோளில் கிட்டார் தொங்கும் வாரைப் பிடித்துச் சற்று மேலே ஏற்றிவிட்டுப் போவார். சனம் பார்த்தால் உடுப்பைச் சரிசெய்கிறார் என்றுதான் நினைக்கும். எனக்கு மட்டும் காது சிவக்கும். முதல் வருஷத்தில் அவர் ஏற்றிய ஏற்றில் வார் என் கழுத்தோடு ஒட்டிப் போயிருந்தது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்னால் சத்தம் சரிபார்க்கும்போது எங்களை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி நடப்பார். மைதானத்தின் கடைசி வரை, சில தோட்டங்களில் காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக் களம் வரைக்கும் போவார். அங்கே கைகட்டி நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து மிக்சரில் ஒரே ஒரு குமிழைத் தொடுவார். அவ்வளவுதான், சத்தம் ஒழுங்குக்கு வந்துவிடும். எங்களுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு சினிமாப் பாட்டு வந்தது. கல்யாணம், திருவிழா, சாமத்தியச் சடங்கு, எங்கே போனாலும் அந்தப் பாட்டைக் கேட்காமல் சனம் விடவில்லை. பாட்டின் தொடக்கத்தில் பேஸ் மட்டும் தனியாக வரும். அந்த பேஸுக்குள் சுத்து இருக்கும். முதல் தடவை சுத்து மேலே ஏறி இறங்கும். இரண்டாம் தடவை ஏறி உச்சியைத் தொடுகிற அந்த நொடியில் கீபோர்ட் உள்ளே வரவேண்டும், உடனே டிரம்ஸ், பிறகு பாட்டு. சுத்து இல்லாமல் வெறும் பேஸில் நாங்கள் வாசித்தபோது ஹாலிஎலக் கல்யாணத்தில் பொடியன்கள் விசிலடித்து நிறுத்தச் சொன்னார்கள். பண்டாரவளைக் கோஷ்டி ஒன்று பிளாஞ்சர் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலேயே வாசிக்கத் தொடங்கியிருந்தது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, “கணேசா, நீயே போய் எடுத்துட்டு வா. ஒன் காலு மிதிக்கிற சாமான்,” என்றார்.

பதுளைக் கடைவீதியில் ஒரு பழைய கடை இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறை. மிருதங்கத்துக்குத் தோல், ஆர்மோனியத்துக்குத் துருத்தி, டோர்ச் பெட்டரி, கீபோர்ட் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் இருப்பார். நான் என் பேஸையும், என் வயரையும், கோஷ்டி லொறியில் என் பேஸ் ஸ்பீக்கரையும் கொண்டுபோய் இறக்கியதைப் பார்த்து, “என்ன தம்பி, கடைய காலி பண்ணிட்டு நீங்க கட போடப் போறீங்களா?” என்றார்.

கடை ஸ்பீக்கரில் கேட்டு வாங்கக்கூடாது. கடை ஸ்பீக்கரில் எல்லாமே நல்லாத்தான் இருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், அது வேறு கதை. எதில் வாசிக்கப் போகிறோமோ அதில்தான் கேட்கவேண்டும். முதலில் பெடலை மிதிக்காமல் ஆகக் கீழ்க் கம்பியைத் தனியாக ஒரு அடி. அந்தச் சத்தம் நெஞ்சில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு குமிழ்களை எல்லாம் பாதியில் வைத்து, பெடலை மிதித்து, அதே கம்பியில் அதே அடி. முதல் பெடலில் அப்படி அடித்தபோது சத்தத்தின் அடிப்பாகம் காணாமல் போய்விட்டது. அது கிட்டாருக்குச் செய்தது. சுத்து அழகாகத்தான் இருந்தது, ஆனால் தட்டில் ரசம் இருக்கிறது, சோற்றைக் காணோம். பேஸுக்கென்று செய்த பெடலில் கீழ்ச் சத்தத்தைத் தொடாமல் விட்டு மேலே உள்ளதை மட்டும் சுழற்ற ஒரு குமிழ் இருக்கும். அது இல்லாததை எடுக்கக்கூடாது.

பிறகு நான் செருப்பைக் கழற்றினேன். முதலாளிக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அவருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. எங்கள் வேலையில் பாதி தோட்டத்துக் கோயில் திருவிழாக்கள். மேடை கோயில் வளவுக்குள்ளே இருக்கும், அதனால் வெறுங்காலோடுதான் நிற்போம். வெறுங்காலால் மிதித்தால் சில பெடல்களின் சுவிட்ச் பெருவிரலைக் கிழித்துவிடும். அதைவிட மோசம், ஜெனரேட்டரில் கரண்ட் எடுக்கும் இடத்தில், பனி பெய்து தரை ஈரமானால், இரும்புப் பெட்டி சுருக்கென்று கடிக்கும். ஒரு தடவை கிட்டார்காரர் சாமி வந்தவர் போல் மேடையில் குதித்ததைப் பார்த்துச் சனம் கைதட்டியது. ஆகவே பெடல் பெட்டரியில் ஓடவேண்டும், சுவிட்ச் மழுங்கலாக இருக்கவேண்டும், மிதித்துப் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். முதலாளி எழுந்து வந்து தன் காலாலேயே ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். “ஆமா தம்பி, குத்துது,” என்று அதைத் திரும்ப உள்ளே வைத்தார்.

அன்று நான் எடுத்த பெடல் நல்ல பெடல். கீழ்ச் சத்தம் அசையாமல் நின்றது. சுத்து வெள்ளி மாதிரி பளபளவென்று மேலே ஏறியது. பயிற்சிக்குக் கொண்டுபோய் வாசித்தபோது எங்கள் பாடகி சாந்தி அக்கா கேட்டுவிட்டு, “ஐயோ கணேசா, பாட்டுல வர்ற மாதிரியே இருக்குடா,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ் வாசிக்கும் மோகனும் தலையாட்டினான். மோகன்தான் லொறிக்கும் ஸ்பீக்கர் செட்டுக்கும் சொந்தக்காரன், ஆகவே அவன் தலையாட்டினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சவரி மாஸ்டர் மட்டும், “சுத்துறது கேக்கலியே. கூட்டு,” என்றார்.

கூட்டினேன். “இன்னும் கூட்டு,” என்றார். சுத்தின் பலத்தைக் கூட்டும் குமிழ் ஒன்று உண்டு. அதை முக்கால் வரை திருப்பினால் பேஸ் ஊளையிடத் தொடங்கும். முழுக்கத் திருப்பினால் இறங்கப் போகும் விமானம் மாதிரி இருக்கும். சாந்தி அக்கா காதைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் தலையைச் சாய்த்துக் கேட்டு, “ம்… இப்பத்தான் கொஞ்சம் இருக்கு,” என்றார். பெடல் சரியில்லை என்று நான் நினைத்தேன். மாஸ்டரைப் பற்றி வேறு மாதிரி நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம் பண்டாரவளையில் ஒரு மண்டபத்தில் பகல் கல்யாணம். சத்தம் சரிபார்க்கும்போது சாந்தி அக்காவின் மைக் கீச்சென்று கத்தியது. சமையல்காரர்கள் கூட வெளியே எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் நிமிரவே இல்லை, கீபோர்ட் ஸ்டாண்டின் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்டார்கள். மாஸ்டர் சொன்ன அளவில் குமிழை வைத்து மிதித்தேன். முன்வரிசைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள், ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. சுத்து முதல் தடவை ஏறி இறங்கியது. இரண்டாம் தடவை ஏறி உச்சியைத் தொட்டது. கீபோர்ட் வரவில்லை. சுத்து பாதி வரை இறங்கி வந்த பிறகுதான் மாஸ்டரின் கை விழுந்தது. மோகன் எங்கே சேர்வதென்று தெரியாமல் தடுமாறினான், சாந்தி அக்கா முதல் வரியை விழுங்கிவிட்டார். பெண்ணின் மாமா மேடைக்கே வந்து, “வேற ஏதாச்சும் படிங்கப்பா,” என்றார். மாஸ்டர் முகத்தில் ஒன்றும் இல்லை. பாட்டு முடிந்ததும் அவர் என் பக்கம் வந்து வாரை ஏற்றிவிட்டார். பிழை என்னுடையது என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

திரும்பி வரும்போது லொறியில் முன்னால் மோகனும் நானும் மட்டும். தெமோதரை தாண்டியதும் அவன் கியரைக் குறைத்தான். பிறகு, “ஒனக்குத் தெரியலியா கணேசா? மனுசனுக்குக் காது போச்சு,” என்றான்.

“சும்மா இரு,” என்றேன்.

“முன்னெல்லாம் சிம்பல்ல வெரல் நகம் பட்டாலே திரும்பிப் பாப்பாரு. இப்ப நான் ஒடச்சாலும் ஒண்ணும் சொல்றாரில்ல. கீபோர்ட்ல மணிச்சத்தத்த என்ன கூட்டு கூட்டி வச்சிருக்காரு, பாத்தியா? அது அவருக்குப் பத்தல.” அவன் கோபத்தில் சொல்லவில்லை. “அப்புத்தளையில ஒருத்தர் இருக்காரு, நல்லா வாசிப்பாரு. சீசனுக்கு முந்தி பேசிருவோம். மாஸ்டரு எவ்வளவோ செஞ்சிருக்காரு, இல்லேங்கல. ஆனா இப்படி ரெண்டு எடத்துல ஆச்சுன்னா நம்மள யாரு கூப்புடுவா?”

மோகன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. லொறி அவனுடையது, வீட்டில் அவனுக்கும் வாய்கள் இருந்தன. நான் கெஞ்சினேன். சீசனின் முதல் நிகழ்ச்சி பசறை ரோட்டில் ஒரு தோட்டத்துத் திருவிழா. அது வரைக்கும் பொறு என்றேன்.

“சரி. அன்னைக்கு அந்தப் பாட்டுல அவரு சரியா வந்தாருன்னா நான் வாயத் தொறக்கல. தப்பிருச்சுன்னா நானே அவருகிட்ட சொல்லுவேன். நீ குறுக்க வரக்கூடாது,” என்றான்.

தலையாட்டியோ கண்ணைக் காட்டியோ நான் மாஸ்டருக்குச் சைகை செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சைகை செய்கிறேன் என்றால், உங்களுக்குக் கேட்கவில்லை என்று சொன்ன மாதிரி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எண்ணி வாசிக்கவும் முடியாது. பெடலின் சுத்து நாம் மிதிக்கும்போது தொடங்குவதில்லை, உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மிதிக்கும் நேரத்தில் அது எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் வெளியே வரும். கேட்டுத்தான் சேரவேண்டும், வேறு வழியே கிடையாது.

எங்கள் பயிற்சி அறை ஒரு தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அடுத்த பயிற்சிக்கு மற்றவர்கள் வருமுன்னே நான் போனேன். மாஸ்டர் எப்போதும் போல் முதலில் வந்து கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பேஸை மாட்டிக்கொண்டு, பெடலைப் பக்கத்து ஸ்டூலில் வைத்து, குமிழ்களை ஒழுங்கான அளவுக்குத் திருப்பி, சுத்தை ஆக மெதுவாக ஓடவிட்டேன்.

“மாஸ்டர், வாசிக்கையில எனக்கு சுத்து சரியா புடிபட மாட்டேங்குது. நீங்க ஒரு வெரலக் காட்டுறீங்களா? மேல போனா மேல, கீழ வந்தா கீழ.”

“சின்னப் புள்ள வெளாட்டா இருக்கே,” என்று சிரித்தார். ஆனாலும் ஆள்காட்டி விரலை நீட்டினார்.

நான் ஒரே கம்பியை அடித்துக்கொண்டே இருந்தேன். சுத்து ஏறத் தொடங்கியது. மாஸ்டரின் விரலும் இடுப்புப் பக்கத்திலிருந்து ஏறியது. எவ்வளவு சுத்தமாக ஏறியது தெரியுமா, மயிரிழை பிசகவில்லை. சட்டைப் பைக்கு நேராக, அந்தப் பேனாவுக்கு நேராக வந்ததும் விரல் நின்றது. சுத்து இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. என் காதில் அது தலைக்கு மேல் போய் உச்சியைத் தொட்டுத் திரும்பியது. விரல் பைக்கு நேராகவே காத்திருந்தது. சுத்து கீழே இறங்கி வந்த பிறகு, வழியில் ஆளைக் கண்டதுபோல் விரல் அதோடு சேர்ந்து இறங்கியது. மறுபடி வாசித்தேன். மறுபடியும் சட்டைப் பையோடு நின்றது. அதற்கு மேலே உள்ள கீச்சுச் சத்தம் அவருக்கு எட்டவில்லை. மாஸ்டர் கண்ணை மூடி, முகத்தில் அத்தனை கவனத்தோடு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போடாமல் அடக்கிக்கொண்டு வாசித்தேன்.

பெடலில் இன்னொரு குமிழ், சுத்து எந்த உயரத்தில் சுற்றவேண்டும் என்பதற்கு. ஒரு கையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இறக்க இறக்க விரலுக்கும் சுத்துக்கும் இருந்த இடைவெளி குறைந்தது. கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் திரும்பின. மாஸ்டர் கண்ணைத் திறந்து, “இது நல்லாருக்கே. இப்படியே வச்சுக்க,” என்றார். ஆனால் அந்தப் பெடலை அவ்வளவு கீழே இறக்கினால் சத்தம் சேறாகிவிடுகிறது, என்ன சுரம் என்றே தெரியவில்லை. அது மேலே சுற்றுவதற்கென்று செய்த சாமான். நான் அந்த உயரத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். முதலாளி, “என்ன தம்பி, கடிச்சிருச்சா?” என்றார்.

“இல்லிங்க முதலாளி. இத விட கீழ சுத்துற சாமான் வேணும்.”

“எல்லாரும் பளிச்சுன்னு கேக்குறாங்க. நீங்க மங்கலாக் கேக்குறீங்களே.” உள்ளே போய்த் தேடி, தூசி படிந்த ஒரு கனத்த பெட்டியை எடுத்து வந்தார். பச்சை நிறம், ஓரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. “இது ரொம்ப நாளா கெடக்கு. எல்லாரும் வாசிச்சுப் பாத்துட்டு மந்தமா இருக்குன்னு வச்சிட்டுப் போயிருவாங்க.”

செருப்பைக் கழற்றினேன். கீழ்க் கம்பி, பெடல் இல்லாமல் ஓர் அடி, பெடலோடு ஓர் அடி. அடிப்பாகம் அப்படியே நின்றது. சுத்து இருந்தது. பளபளப்பு இல்லை, ஆனால் கனமாக, மூடின அறைக்குள் யாரோ கதவைத் திறந்து சாத்துவது போல் ஏறி இறங்கியது. என் ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தேன். உச்சி சட்டைப் பைக்குக் கீழேயே திரும்பியது. பழைய பெடலைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். முதலாளி நான் செய்ததை என்ன நினைத்தாரோ, வேகமாகத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

சாந்தி அக்காவுக்கு அதைப் பிடிக்கவில்லை. “மொத ஒண்ணு என்னா அழகு, அத ஏண்டா மாத்துன?” என்று திட்டினார். திட்டை வாங்கிக்கொண்டேன். பயிற்சியில் மாஸ்டர் கூட்டு என்று சொல்லவில்லை. அதையும் மோகன் நம்பவில்லை. “இங்க சரி. அங்க பாப்போம்,” என்றான்.

திருவிழா அன்று மத்தியானமே தோட்டத்துக்குப் போய்விட்டோம். இளைஞர்கள் டர்பன்டைன் மரங்களில் ஏறிப் புனல் ஸ்பீக்கர்களைக் கட்டினார்கள். ஒன்று மைதானத்தைப் பார்த்து, மற்றவை மேல் லயங்களைப் பார்த்து. அது எங்கள் பக்கத்து வழக்கம். துக்கம் நடந்த வீட்டார் அந்த வருஷம் திருவிழாவுக்கு இறங்கமாட்டார்கள், பிள்ளை பெற்றவர்களும் முடியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் பாட்டுப் போய்ச் சேரவேண்டும். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறினோம். புல்லில் ஈரம் இருந்தது.

சத்தம் சரிபார்க்கும் நேரம் வந்தது. மாஸ்டர் வழக்கம்போல் எங்களை வாசிக்கச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். மைதானத்தின் பாதி வரைக்கும் போனார். அங்கே நின்றார். கைகட்டவில்லை. கொஞ்ச நேரம் மேல் லயப் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்து வந்து மேடையில் ஏறி, நேராக என்னிடம் வந்தார். நான் எங்கே பிசகினேன் என்று யோசித்துக்கொண்டே தோளைக் கொடுத்தேன். அவர் வாரைத் தொடவில்லை.

“நீ போய்க் கேட்டுட்டு வா, கணேசா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நானா மாஸ்டர்?”

“மேல உள்ளத நீ கேட்டுச் சொல்லு. கீழ உள்ளத நான் பாத்துக்கிறேன்.”

மோகன் குச்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். சாந்தி அக்கா மைக்கைக் கையால் மூடினார். நான் மெல்ல, “எப்பயிருந்து தெரியும் மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“வெரலக் காட்டச் சொன்னியே, அன்னைக்குத்தான். கண்ணத் தொறந்து ஒன் மொகத்தப் பாத்தேன்.” சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டார். “போ, போ. வெளிச்சம் போறதுக்குள்ள முடிக்கணும்.”

பேஸை இறக்கி வைத்துவிட்டு நடந்தேன். பெரட்டுக் களம் வரை போனேன். அவர் நிற்கும் இடத்தில் நின்று கேட்டபோதுதான் அவர் இத்தனை வருஷமும் அங்கே என்ன கேட்டார் என்று தெரிந்தது. சிம்பல் குத்தியது, கீபோர்டின் மணிச்சத்தம் சாந்தி அக்காவின் குரலுக்கு மேல் ஏறி நின்றது. திரும்பி வந்து இரண்டையும் சொன்னேன். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் மணிச்சத்தத்தைக் குறைத்தார். மோகனிடம் நான் சொன்னதை அவரே திருப்பிச் சொன்னார், “சிம்பல் குத்துதாம், மோகன்.”

பூசை முடிந்து நிகழ்ச்சி தொடங்கியதுமே அந்தப் பாட்டைக் கேட்டார்கள். வெறுங்காலால் பச்சைப் பெடலை மிதித்தேன். முதல் சுத்து ஏறி இறங்கியது. மாஸ்டர் கண்ணை மூடியிருந்தார், வலது கை கட்டைக்கு மேல் இருந்தது. இரண்டாவது சுத்து ஏறியது. உச்சியைத் தொட்ட அதே நொடி அவர் கை விழுந்தது. மோகன் அடித்தான், சாந்தி அக்கா எடுத்தார், மைதானம் முழுக்கக் கத்தியது. மேல் லயத்திலிருந்தும் யாரோ கத்தினார்கள். அந்த இரைச்சலில் நான் வாய்விட்டு அழுதேன். மேடையில் பேஸ்காரனை யார் பார்க்கிறார்கள்?

மோகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அப்புத்தளைக்காரர் பேச்சு பிறகு வரவில்லை. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினார், போன சத்தம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பிறகும் பல சீசன் அவர்தான் எங்கள் தலைவர். மைதானத்துக் கடைசிக்கு நடந்து போகிறவன் மட்டும் நான். வாரை ஏற்றிவிடுவதை அவர் நிறுத்தவில்லை. காது போனவருக்கு என் பிழை மட்டும் எப்படித்தான் கேட்டதோ.

ஷாமினியின் மூன்று சத்தத் துண்டுகளுக்கு வருகிறேன். முதலாவதைக் கேட்டேன், அடிப்பாகம் போய்விட்டது, கிட்டார் பெடல். இரண்டாவது நல்ல பெடல், சுத்து நிதானமாக ஏறி இறங்கியது. மூன்றாவதில் வெறும் பேஸ்தான் இருந்தது. இந்தப் பிள்ளை பெடலை மிதிக்க மறந்துவிட்டது என்று நினைத்து அதையே மறுபடி மறுபடி போட்டேன். குசினியில் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி லெட்சுமி, “என்னங்க அது, சீட்டியடிக்கிற மாதிரி சுத்திச் சுத்திப் போகுது? தல வலிக்குது, நிப்பாட்டுங்க,” என்றாள்.

போனைக் காதோடு வைத்து ஆள்காட்டி விரலை நீட்டினேன். விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்குப் பயமாகப் போய்விட்டது. லெட்சுமியிடம் சொல்லவில்லை. ஷாமினிக்குப் பதிலும் போடவில்லை. எந்தப் பெடல் நல்லது என்று கேட்டு வந்த செய்தியைத் தினமும் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்றுத்தான் எழுதினேன். “மொதலாவத எடுக்காத, அதுல அடி இல்ல. ரெண்டாவது நல்லது. மூணாவது சுத்து எனக்குக் கேக்கல. என் காதுதான், பெடல் இல்ல. அத நீயே கேட்டு முடிவெடு.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“அப்ப ரெண்டாவதே எடுக்கிறேன் அங்கிள். நான் வாசிக்கிறப்ப நீங்களும் கேக்கணுமே.”

சவரி மாஸ்டர் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.